உரசி நிற்கும் வண்டி

‘ஷாக் அப்சார்பர்’ என்ற பெயரிலேயே ஒரு கோளாறு இருக்கிறது. அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது அதன் வேலை கிடையாது, அது ஸ்பிரிங்கின் வேலை. சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது அந்த அடியை வாங்கி அமுங்குவது ஸ்பிரிங். ஆனால் ஸ்பிரிங்குக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு, வாங்கியதை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடும். ஒருமுறை அமுங்கினால் மேலே துள்ளும், திரும்ப அமுங்கும், திரும்பத் துள்ளும். அந்த ஆட்டத்தை அடக்கி உட்கார வைக்கிற ஆள்தான் நாம் ஷாக் அப்சார்பர் என்று சொல்லும் சாமான். பிரிட்டிஷ்காரர்கள் அதை டேம்பர் என்கிறார்கள், அதுதான் சரியான பெயர். நம்மூர் ஒர்க்‌ஷாப் போர்டுகளில் ‘ஷாக் அப்சர்வர்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு. எனக்கென்னவோ அது அசலைவிட நேர்மையான பெயராகப் படுகிறது.

ஆட்டத்தை அடக்க மனிதர்கள் முதலில் செய்த கருவியில் எண்ணெய் இல்லை, வாயு இல்லை, சீல் இல்லை. இரண்டு இரும்புப் பட்டைகள், நடுவில் சில வட்டத் தட்டுகள், எல்லாவற்றையும் கோர்த்து இறுக்கும் ஒரு போல்ட், ஒரு நட்டு. அவ்வளவுதான். இதற்கு ஃபிரிக்‌ஷன் ஷாக் அப்சார்பர் என்று பெயர், உரசலால் வேலை செய்வது. கார் கம்பெனிகள் இதைக் கைவிட்டுப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. ஆனால் பழைய ஃபோர்டு கார்களை உரித்து, தாழ்த்தி, வேகமாக்கி ஓட்டும் ஹாட் ராட் ஆட்கள் இன்றும் தங்கள் கொட்டகையில் இதைக் கையால் செய்து மாட்டிக்கொள்கிறார்கள். தோற்றுப்போன ஒரு கருவி ஏன் சாகவில்லை என்பதுதான் என்னை இதற்குள் இழுத்தது.

நான் மெக்கானிக்கல் படித்துவிட்டு, வழக்கம்போல ஐ.டி.க்கு வந்து சேர்ந்தவன். அதிர்வுகள் பற்றிய பாடத்தில் எண்ணெய் டேம்பருக்குப் பக்கம் பக்கமாகச் சமன்பாடுகள் இருந்தன. உரசல் டேம்பருக்குக் கிடைத்தது கொஞ்சம் இடம், பரீட்சையில் இரண்டு மார்க். அந்த இரண்டு மார்க்குக்குப் பின்னால் இவ்வளவு பெரிய கதை இருக்கிறது என்று அப்போது யாரும் சொல்லவில்லை.

*

குதிரை வண்டிக்கு டேம்பர் தேவைப்பட்டதில்லை. நம்முடைய வில்வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். வண்டிக்கு அடியில் வில்லாக வளைந்த இரும்புப் பட்டைகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியிருப்பார்கள், அதனால்தான் அந்தப் பெயர். 1804-இல் லண்டனில் ஒபடையா எலியட் என்பவர் இரண்டு வில்களை எதிரெதிராக வைத்து நீள்வட்டமாக்கி காப்புரிமை வாங்கினார், ஐரோப்பியக் கோச்சு வண்டிகள் அதன்பிறகு லேசாகின. இந்தப் பட்டைகள் வளையும்போது ஒன்றோடொன்று உரசும். அந்த உரசலே ஆட்டத்தைக் கொஞ்சம் தின்றுவிடும். மாடும் குதிரையும் போகிற வேகத்துக்கு அது போதும்.

மோட்டார் வந்ததும் கணக்கு மாறியது. வேகம் நான்கு மடங்கு, ஐந்து மடங்கு ஆனது, சாலை மட்டும் அதே சாலை. ஒரு மேட்டில் ஏறிய சக்கரம் தரைக்குத் திரும்புவதற்குள் அடுத்த மேடு வந்துவிடும். சக்கரம் காற்றில் இருக்கும் நேரத்தில் பிரேக் பிடித்தும் பயனில்லை, ஸ்டியரிங்கைத் திருப்பியும் பயனில்லை. சொகுசு என்பது இதில் இரண்டாவது விஷயம், டயர் தரையில் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. ஆரம்பகாலப் பந்தயங்களில் உயிர்கள் போனதற்குப் பல காரணங்கள் உண்டு, தரையை விட்ட சக்கரமும் அதில் ஒன்று.

விடை ஒரு சைக்கிளிலிருந்து வந்தது. 1890களின் கடைசியில் பிரான்சில் ஜே. எம். எம். ட்ரூஃபோ என்பவர் சைக்கிளின் முன் ஃபோர்க்கில் ஸ்பிரிங் வைத்து, அது ஓயாமல் ஆடாதபடி ஒரு உரசல் அமைப்பையும் சேர்த்தார். (சினிமாக்கார ட்ரூஃபோ வேறு. இவர் பெயரின் பிரெஞ்சு எழுத்தில் ஒரு ‘எல்’ கூடுதல்.) அதைப் பார்த்த அமெரிக்கர் எட்வர்ட் வி. ஹார்ட்ஃபோர்ட், இது சைக்கிளோடு நிற்கவேண்டிய சமாச்சாரமில்லை என்று புரிந்துகொண்டார். இருவரும் சேர்ந்து அதைக் காருக்கு ஏற்றபடி மாற்றினார்கள், ஹார்ட்ஃபோர்ட் தன்னுடைய ஓல்ட்ஸ்மொபீலில் மாட்டிப் பார்த்தார். கத்தரிக்கோல் போல ஒரு முனையில் இணைந்த இரண்டு கைகள். ஒரு கை சேஸிஸில், இன்னொரு கை சக்கரம் இருக்கும் பக்கம். சக்கரம் ஏறி இறங்க, கத்தரி விரிந்து மூடும். இணையும் இடத்தில் தட்டுகள் உரசும். நட்டை இறுக்கினால் உரசல் கூடும், தளர்த்தினால் குறையும்.

ஓட்டுகிறவர் தானே ஸ்பானர் வைத்து மாற்றிக்கொள்ளக்கூடிய டேம்பர், அந்தக் காலத்தில்! இன்று விலை உயர்ந்த பைக்குகளில் ‘அட்ஜஸ்டபிள் சஸ்பென்ஷன்’ என்று தனியாகக் காசு வாங்குகிறார்கள்.

1904-இல் ஜெர்மனியிலும் 1905-இல் பிரான்சின் ஓவெர்ன் மலைச் சாலைகளிலும் நடந்த கார்டன் பென்னட் கோப்பைப் பந்தயங்களை லியோன் தேரி தொடர்ந்து இரண்டு முறை வென்றார். அவர் ஓட்டிய பிராசியே கார்களில் ட்ரூஃபோவின் கருவி இருந்தது. இதைவிட நல்ல விளம்பரம் கிடைக்காது. ஹார்ட்ஃபோர்ட் அமெரிக்காவில் கம்பெனி தொடங்கினார், இங்கிலாந்தில் டி. பி. ஆந்த்ரே கம்பெனி உரிமம் வாங்கி ‘ஆந்த்ரே ஹார்ட்ஃபோர்ட்’ என்று செய்து விற்றது. பெயர்ப் பலகையில் முதலில் ட்ரூஃபோ-ஹார்ட்ஃபோர்ட் என்று இருந்தது, போகப்போக ஹார்ட்ஃபோர்ட் மட்டும் நின்றது. யோசனை கொடுத்தவர் பெயர் உதிர்ந்து, விற்றவர் பெயர் தங்கிவிட்டது. ஐ.டி.யில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஃபோர்டு மாடல் டி 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் விற்றது, டேம்பர் இல்லாமலேயே. அதனால் வெளியே வாங்கி மாட்டுகிற சந்தை பெரிதானது. அதில் கிளீவ்லாண்டைச் சேர்ந்த கிளாட் ஃபாஸ்டர் என்பவரின் கதையைத் தாண்டிப்போக மனசில்லை. அவர் முதலில் செய்தது ஹாரன். தேவதூதர் கேப்ரியல் ஊதும் எக்காளத்தின் நினைவாக அதற்கு கேப்ரியல் என்று பெயர் வைத்தார். பிறகு ‘ஸ்னப்பர்’ என்று ஒன்றைச் செய்தார். பட்டையைச் சுருளாகச் சுற்றிவைத்து, ஸ்பிரிங் மேலே துள்ளும்போது மட்டும் உரசி இழுத்துப் பிடிக்கிற கருவி. அதற்கும் அதே பெயர். 1961-இல் இந்தியாவில் கேப்ரியல் இந்தியா தொடங்கியது, ஓசூரிலும் அதற்குத் தொழிற்சாலை இருக்கிறது. உங்கள் பைக்கின் ஷாக் அப்சார்பரில் அந்தப் பெயரைப் பார்த்தால், அது கிளீவ்லாண்டில் ஒரு ஹாரனுக்காக வைத்த பெயர் என்பதை நினைத்துக்கொள்ளலாம்.

*

இவ்வளவு நல்ல கருவி ஏன் தோற்றது? இதற்கு 18-ஆம் நூற்றாண்டுக்குப் போக வேண்டும். மின்னூட்டங்களின் விதிக்காக நாம் பள்ளியில் படித்த அதே கூலும், பிரெஞ்சு ராணுவத்தில் பொறியாளர். ரோஷ்ஃபோர் கப்பல் கட்டும் தளத்தில் மரத்தை மரத்தின் மேலும், உலோகத்தை மரத்தின் மேலும் இழுத்து இழுத்து உரசலை அளந்தார். 1781-இல் அந்த ஆராய்ச்சிக்குப் பிரெஞ்சு அறிவியல் அகாதமி பரிசு கொடுத்தது. அவர் கண்டதில் இரண்டு விஷயங்கள் நமக்கு வேண்டும். ஒன்று, நகரத் தொடங்கிய பொருளின் உரசல், வேகத்தைப் பொறுத்து பெரிதாக மாறுவதில்லை. இரண்டு, நின்றிருக்கும் பொருளை நகர்த்தக் கூடுதல் விசை வேண்டும், அதிலும் மரம் போன்றவை எவ்வளவு நேரம் நின்றிருக்கிறதோ அவ்வளவு ஒட்டிக்கொள்ளும்.

இதைக் காரில் போட்டுப் பாருங்கள். கணக்குக்காக எண்களை நானே வைக்கிறேன். ஒரு சக்கரத்தின் ஸ்பிரிங் 1 மி.மீ. அமுங்க 2 கிலோ வேண்டும், உரசல் டேம்பரின் பிடி 20 கிலோ. வண்டியை 50 மி.மீ. அமுக்கி விடுகிறோம். மேலே போய் 30-இல் நிற்கும். திரும்பிக் கீழே வந்து 10-இல் நிற்கும். அங்கே ஸ்பிரிங் 20 கிலோ விசையோடு தள்ளுகிறது, தட்டும் 20 கிலோவோடு பிடித்திருக்கிறது. ஆட்டம் முடிந்தது. ஒரே ஒரு முழு அலைவு. எண்ணெய் டேம்பரில் ஆட்டம் பாதி, அதில் பாதி என்று தேய்ந்துகொண்டே போகும், கணக்குப்படி முழுசாக நிற்கவே நிற்காது. உரசல் அப்படியில்லை, பட்டென்று நிறுத்தும்.

ஆனால் எங்கே நின்றது பார்த்தீர்களா? நடுவில் இல்லை, 10 மி.மீ. தள்ளி. நடுவிலிருந்து இந்தப் பக்கம் 10, அந்தப் பக்கம் 10, இந்த எல்லைக்குள் எங்கே வேண்டுமானாலும் வண்டி சிக்கிக்கொள்ளும்.

சாலையில் ஒரு சின்னக் கல், 15 கிலோ விசைக்கு மேல் தேறாத கல் என்று வைத்துக்கொள்வோம். டேம்பரின் பிடி 20 கிலோ. ஸ்பிரிங் அசையாது, அந்த அடி நேராக சேஸிஸுக்கும் உங்கள் முதுகெலும்புக்கும் போகும். அந்தக் கணத்தில் உங்கள் கார் ஸ்பிரிங்கே இல்லாத கட்டை வண்டி. மாறாக ஒரு பெரிய பள்ளம், சக்கரம் அம்பு மாதிரி கீழே பாய்கிறது. இப்போதுதான் டேம்பர் இழுத்துப் பிடிக்க வேண்டும், அது பிடிப்பதோ அதே 20 கிலோ. எண்ணெய் டேம்பர் ஊசி போடும் சிரிஞ்சு மாதிரி. மெதுவாக அழுத்தினால் வழிவிடும், வேகமாக அழுத்தினால் எதிர்க்கும். உரசல் டேம்பர் நேர் எதிர். சின்ன விஷயத்துக்கு முறைத்துக்கொள்ளும், பெரிய விஷயம் வந்தால் அடங்கிப்போகும். இப்படிச் சில மேனேஜர்களைப் பார்த்திருக்கிறேன்.

பிரெஞ்சுக்காரர் மோரிஸ் ஹூடாய் எண்ணெயில் இயங்கும் கை டேம்பரை 20-ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டிலேயே உருவாக்கிவிட்டார். ஆனாலும் அது பரவ நாளானது. காரணம் சுலபம்: எண்ணெயைக் கசியாமல் அடைத்துவைக்க துல்லியமான கடைசல் வேண்டும், நல்ல சீல் வேண்டும். உரசலுக்கு ஒரு துளைபோடும் மெஷினும் ஒரு லேத்தும் போதும். மாடல் டி-க்கு அடுத்து வந்த மாடல் ஏ-வில் ஃபோர்டு ஹூடாய் டேம்பரைக் கம்பெனியிலேயே பொருத்திக் கொடுத்தபோது, அதாவது 1920களின் இறுதியில், உரசல் கட்சி தோற்றுவிட்டது என்று சொல்லிவிடலாம். விமான லேண்டிங் கியரில் பழகிய குழாய் வடிவ டேம்பர் 1930களில் கார்களுக்கு வந்து மிச்சத்தையும் முடித்தது.

அதற்குள் உரசல் கட்சி ஒரு கடைசி முயற்சி செய்தது. ஆந்த்ரே கம்பெனியின் ‘டெலிகன்ட்ரோல்’ என்ற மாடலில், ஓட்டுகிறவர் டேஷ்போர்டில் ஒரு குமிழைத் திருகினால், குழாய் வழியாகத் திரவ அழுத்தம் போய் ஓடும் வண்டியிலேயே தட்டுகளை இறுக்கும். ஊருக்குள் தளர்த்தி, நெடுஞ்சாலையில் இறுக்கி ஓட்டலாம். குறை கருவியின் குணத்தில் இருந்தது, இவர்கள் அதை மனிதக் கையின் விழிப்பால் ஈடுகட்டப் பார்த்தார்கள். எனக்கு இந்த மாடல் மேல் ஒரு தனிப் பாசம் உண்டு.

முழுசாகச் செத்ததா என்றால், அதுவும் இல்லை. 1948-இல் வந்த சித்ரோயன் 2சிவி காரின் சக்கரக் கைகள் திரும்பும் இடத்தில் உரசல் டேம்பர்கள்தான் இருந்தன. திருவொற்றியூரில் உருவான பழைய புல்லட்டின் ஹேண்டில்பார் நடுவில் ஒரு கருப்புக் குமிழ் இருக்குமே, அதைத் திருகினால் உள்ளே தட்டுகள் இறுகி ஸ்டியரிங் ஆட்டம் அடங்கும், அதுவும் இந்தக் குடும்பம்தான். உங்கள் வீட்டு ஃப்ரண்ட் லோட் வாஷிங் மெஷினுக்குள் டிரம்மைப் பிடித்திருக்கும் கால்களில் பெரும்பாலும் கிரீஸ் தடவிய நுரை உரசுகிறது. டிரம் சுழல ஆரம்பித்து மெதுவாக வேகம் பிடிக்கும்போதுதான் ஆட்டம் அதிகம், முழு வேகத்தில் ஆட்டம் குறைவு. வேகத்தோடு கூடாத விசை அங்கே வரம். 1980களில் அவ்தார் பால் என்ற பொறியாளர் பிரேக்கின் தத்துவத்தையே எடுத்து, நிலநடுக்கத்தில் கட்டிடங்கள் தாங்குவதற்கு உரசல் டேம்பர் செய்தார். மாண்ட்ரியலின் கன்கார்டியா பல்கலைக்கழக நூலகத்தில் அவை இருக்கின்றன. எந்த ஆட்டத்தை அடக்கப் போகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் கருவி நல்லதா கெட்டதா என்பது.

*

ஹாட் ராட் கதையும் இந்த இடத்தில்தான் வந்து சேர்கிறது. 1930களின் தெற்கு கலிஃபோர்னியா. பொருளாதார மந்தம், கையில் காசில்லாத இளைஞர்கள், காயலான் கடை விலைக்குக் கிடைக்கும் பழைய ஃபோர்டுகள். மட்கார்டைக் கழற்று, பம்பரைக் கழற்று, கூரையைக் கழற்று, எடையைக் குறை, இன்ஜினை முறுக்கு. 1932-இல் ஃபோர்டு சாதாரண ஆட்களுக்கும் கட்டுப்படியாகிற விலையில் வி 8 இன்ஜின் கொடுத்தபிறகு இது ஒரு காய்ச்சலாகவே பரவியது. லாஸ் ஏஞ்சலஸுக்கு வடக்கே மொஹாவி பாலைவனத்தில் மியூராக் என்ற வறண்ட ஏரி. மைல் கணக்கில் தட்டையான, இறுகிய களிமண் தரை. அங்கே போய் யார் வண்டி வேகம் என்று பார்ப்பார்கள். 1937-இல் இந்தக் குழுக்கள் சேர்ந்து தெற்கு கலிஃபோர்னியா டைமிங் அசோசியேஷன் என்று ஒரு அமைப்பை உண்டாக்கிக்கொண்டார்கள். பிறகு போர் வந்தது, மியூராக் முழுக்க விமானப்படையின் கைக்குப் போனது. போரிலிருந்து திரும்பிய இளைஞர்கள் வேறொரு வறண்ட ஏரியான எல் மிராஜுக்குப் போனார்கள். 1948 ஜனவரியில் ‘ஹாட் ராட்’ பத்திரிகையின் முதல் இதழ் வந்தது.

இதே லாஸ் ஏஞ்சலஸில்தான் ஹாரி மில்லரின் பட்டறையும் இருந்தது. 1920களில் இண்டியானாபொலிஸில் கோலோச்சிய மில்லர் பந்தயக் கார்களில் ஹார்ட்ஃபோர்ட் தட்டுகள் இருந்தன. உள்ளூர்ப் பையன்களுக்கு ‘வேகமான கார்’ என்றால் கண்முன் வரும் உருவத்தில், முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் அந்த வட்டத் தட்டு ஒட்டிக்கொண்டிருந்தது.

ஏரிப் படுகையில் பள்ளம் மேடு கிடையாது. சின்னக் கல்லுக்கு முறைத்துக்கொள்ளும் குணம் அங்கே யாரையும் பாதிக்காது. வேகத்தில் முன்பக்கம் துள்ளாமல் இருந்தால் சரி. வண்டியும் உரித்து லேசாகிவிட்டது. ஃபோர்டின் ஹூடாய் டேம்பர்களில் சீல் போய் எண்ணெய் கசிந்தால், அதைத் திரும்பச் சரிசெய்வது எல்லோருக்கும் கைவராத வேலை. தாழ்த்திய வண்டியில் நீளக் குழாய் டேம்பருக்கு இடமும் இடிக்கும். ஆக, கார் கம்பெனியின் கணக்கில் தோற்ற கருவி இந்தக் கொட்டகைக் கணக்கில் பாஸ் ஆகிறது.

இன்று செய்பவர்கள் எல்லோரும் இந்தக் கணக்கைப் போட்டுத்தான் செய்கிறார்கள் என்று சொன்னால் அது பொய். நிறையப் பேர் அழகுக்காகச் செய்கிறார்கள். மட்கார்டு இல்லாத முன்பக்கத்தில் எல்லாம் வெளியே தெரியும், பளபளக்கும் குழாய் அங்கே காலம் தப்பித் தெரியும், தட்டு பொருந்தும். அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆனால் அழகுக்காக மாட்டியதும் சக்கரத்தைத் தரையில் வைத்திருக்கத்தான் வேண்டும். சரியாகச் செய்யாவிட்டால் அது நகை இல்லை, ஆபத்து.

*

செய்முறைக்கு வருவோம். கால் அங்குல கனமுள்ள இரும்புப் பட்டையில் கைகள். ஒரு பக்கம் ஒற்றைக் கை, மறுபக்கம் அதை இரண்டு புறமும் அணைக்கும் இரட்டைக் கை, அப்போதுதான் இழுவிசை ஒரு பக்கமாக முறுக்காது. கை முனையில் மூன்று நான்கு அங்குல விட்டத்தில் வட்டத் தட்டை வெல்டிங் செய்ய வேண்டும். வெல்டிங் சூட்டில் தட்டு சட்டி மாதிரி வளையும், கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு. அதனால் வெல்டிங் முடிந்தபிறகு லேத்தில் போட்டு முகத்தைச் சமமாக எடுக்க வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால் தட்டு ஒரு ஓரத்தில் மட்டும் உரசும், நட்டை எவ்வளவு திருகினாலும் பிடி ஒரே சீராக இருக்காது.

நடுவில் உரசும் வட்டுகள். பழைய ஹார்ட்ஃபோர்ட்களில் மர வட்டுகள் இருந்தன. இப்போது பிரேக் லைனிங் தகட்டை வட்டமாக வெட்டுகிறார்கள், மோட்டார் சைக்கிள் கிளட்ச் பிளேட்டை வைப்பவர்களும் உண்டு. ஒரு எச்சரிக்கை: பழைய ஸ்டாக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அதை அறுத்து, துளைபோட்டு அந்தத் தூசியைச் சுவாசிப்பது எந்த ஹாட் ராடுக்கும் தகுதியில்லாத விலை. ஆஸ்பெஸ்டாஸ் இல்லை என்று உறுதியாகத் தெரிந்ததை மட்டும் வாங்க வேண்டும். எதைப் போட்டாலும் எண்ணெயும் கிரீஸும் பக்கத்தில் வரக்கூடாது.

நட்டுக்குக் கீழே ஒரு வளைந்த ஸ்பிரிங் தட்டு கட்டாயம் வேண்டும், ஹார்ட்ஃபோர்டில் அது நட்சத்திர வடிவில் இருக்கும். அவசரக்காரர்கள் விட்டுவிடுவது இதைத்தான். வெறும் போல்ட், நட்டில் இறுக்கினால், வட்டு ஒரு மயிரிழை தேய்ந்ததும் அழுத்தம் சட்டென்று விழுந்துவிடும். ஸ்பிரிங் தட்டு தேய்மானத்தைப் பின்தொடர்ந்து வந்து அழுத்திக்கொண்டே இருக்கும். அதோடு, கை முன்னும் பின்னும் ஆடும்போது நட்டையும் சேர்த்து இழுத்துக் கழற்றப் பார்க்கும். அதனால் போல்ட் தலை ஒரு கையோடு சுற்றாமல் பூட்டியிருக்க வேண்டும், நட்டுக்கும் ஒரு பூட்டு வேண்டும்.

இனி மாட்டுவது, உண்மையில் கஷ்டம் இங்கேதான். நான் பேப்பரில் போட்டுப் பார்த்த கணக்கு இது. இரண்டு கைகளும் சம நீளம் என்றால், முனையில் கிடைக்கும் எதிர்ப்பு கைகளுக்கு இடையிலான கோணத்தைப் பொறுத்தது. கோணம் 60 டிகிரி இருக்கும்போது எதிர்ப்பு 1.15 பங்கு என்றால், 120 டிகிரியில் 2 பங்கு. 180-ஐ நெருங்க நெருங்க எல்லையில்லாமல் ஏறும், அதாவது கைகள் நேர்க்கோட்டுக்கு வந்தால் டேம்பர் பூட்டிக்கொள்ளும். சக்கரம் முழுசாகக் கீழே தொங்கும் நிலையில் இது நடந்தால், அடுத்த அடியில் கை மறுபக்கம் மடங்கலாம், அல்லது பிராக்கெட் கிழியலாம். ஆகவே வண்டி தன் எடையில் நிற்கும்போது கோணம் 60-க்கும் 90-க்கும் நடுவில், முழுசாகத் தொங்கும்போதும் நேர்க்கோட்டுக்கு ரொம்ப தூரம்.

ஹாட் ராடின் முன்பக்கம் ஒரே நீள ஆக்ஸில், அதன் மேல் குறுக்காக ஒரே வில். ஒரு சக்கரம் மட்டும் ஏறினால் ஆக்ஸில் முழுக்கச் சாயும். அப்போது டேம்பர் கைகள் விரிந்து மூடுவதோடு பக்கவாட்டிலும் முறுக்கப்படும். முனைகளை வெறும் போல்ட்டில் மாட்டினால் அந்த முறுக்கு தட்டுகளுக்குப் போய், வட்டின் ஒரு ஓரம் மட்டும் தேயும். ரப்பர் புஷ் அல்லது பந்து மூட்டு வைத்தால் அந்த முறுக்கை அது வாங்கிக்கொள்ளும். கீழ்முனை சக்கரத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது. ஆனால் ஸ்டியரிங் முழுசாகத் திரும்பும்போது டயர் இடிக்கக்கூடாது. சேஸிஸ் பிராக்கெட்டில் விசை ஒவ்வொரு துள்ளலுக்கும் திசை மாறி மாறி வரும், கம்பியை வளைத்து வளைத்து உடைப்பது மாதிரி. வெறும் தகடு நிற்காது, முக்கோணத் தாங்கு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். அதற்கும் முன்னால், புள்ளி புள்ளியாக மட்டும் வெல்டிங் வைத்து, வில்லைக் கழற்றிவிட்டு, ஜாக்கியால் ஆக்ஸிலை மேலும் கீழும் முழு தூரம் நகர்த்தி, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பி, எங்கும் இடிக்கவில்லை என்று பார்த்தபிறகே முழு வெல்டிங்.

நான் வேலை பார்க்கும் சிஸ்டத்தில் ஒரு நம்பரை மாற்றினால் எங்கெங்கே என்னென்ன அசையும் என்று யாராலும் முழுசாகச் சொல்ல முடியாது. எழுதியவர்கள் எப்போதோ கிளம்பிவிட்டார்கள். இந்தக் கருவியில் அப்படி மறைந்திருக்க இடமே கிடையாது. அதன் குறைகூட வெளியே தெரிகிறது. சீல் போட்டு மூடிய நவீன டேம்பர் எல்லா விதத்திலும் மேல், அதில் எனக்குச் சந்தேகமில்லை, என் குடும்பத்தை ஏற்றிப் போகும் காரில் அதுதான் வேண்டும். ஆனால் அது கெட்டுப்போனால் நான் செய்ய முடிவது ஒன்றுதான், தூக்கிப்போட்டுவிட்டு வேறு வாங்குவது.

கடைசி வேலை அளவு வைப்பது. ஒரு கையை வைஸில் பிடித்து, மற்றதன் முனையில் பழைய பேப்பர்காரர் வைத்திருப்பது போன்ற ஸ்பிரிங் தராசை மாட்டி, கைக்குச் செங்குத்தாக இழுக்க வேண்டும். எத்தனை கிலோவில் கை நகர்ந்துகொண்டே இருக்கிறது என்று குறித்து, இடமும் வலமும் அதே அளவுக்கு நட்டை வைக்க வேண்டும். குறைவாகவே தொடங்கலாம். ஓட்டிப் பார்த்து, துள்ளல் ஒன்றிரண்டு ஆட்டத்தில் அடங்கும் வரை கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கலாம். புது வட்டுகள் ஆரம்பத்தில் மேடுகளில் மட்டும் உரசும். கொஞ்ச தூரம் ஓடியபிறகு முகம் முழுக்கப் படியும், பிடி மாறும், திரும்பத் தராசை எடுக்க வேண்டும்.

வண்டியின் உயரத்தை அளக்கும்போது இன்னொன்று. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் தட்டுகள் ஒட்டிக்கொண்டிருக்கும், ரோஷ்ஃபோரில் கூலும் அளந்த அதே ஒட்டல். கடைசியாக எந்தப் பள்ளத்தில் ஏறி வந்து நின்றதோ அந்த உயரத்திலேயே அது உட்கார்ந்திருக்கும், இடது பக்கம் ஒரு அளவு, வலது பக்கம் வேறு அளவு. டேப்பை எடுப்பதற்கு முன்னால் முன்பக்கத்தைக் கையால் பிடித்து நாலு முறை பலமாக அமுக்கி ஆட்டிவிட வேண்டும்.